புற்றுக்குள் இருக்கும் ஈரம்: ஒரு பைத்தான் தொட்டிக்குக் கூளம் தேடிய அனுபவம்

எங்கள் பாம்பு எங்கள் வீட்டில் முதன்முறையாகச் சட்டை உரித்தது ஒரு ஜனவரி மாதத்தில். பாம்புச் சட்டை என்றால் ஊரில் வேலியோரத்திலும் வைக்கோற்போரின் அடியிலும் கண்டது போல, தலை முதல் வால் நுனி வரை ஒரே நீளமாகக் கழன்று கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தொட்டிக்குள் கிடந்தவையோ காய்ந்த வெங்காயத் தோல் போன்ற துண்டுகள். மிச்சம் உடம்பிலேயே ஒட்டியிருந்தது: கழுத்தருகே ஒரு வளையம், முதுகின் நடுவில் ஒரு பட்டை, வால் நுனியில் மோதிரம் போல இறுகிய ஒரு சுற்று. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் தெளிவான செதிலும் சட்டையோடு சேர்ந்தே உரிய வேண்டும். இடது கண்ணில் அது உரியவில்லை. அந்தக் கண் மட்டும் பழைய கண்ணாடிக் கோலி போல மங்கியிருந்தது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில். பாம்பு, ஊர் மாறிச் சென்ற அலுவலக நண்பர் ஒருவர் என் மகளின் ஆசைக்காகக் கொடுத்துவிட்டுப் போன இளம் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகை. பண்ணையில் பிறந்தது, அப்போது அதற்கு இரண்டு வயது இருக்கும். பெயரைக் கேட்டதும், பாலுக்கும் பாம்புக்கும் உள்ள உறவை மனதில் வைத்து, "அதுக்குத் தினமும் பால் ஊத்தோணுமா?" என்று தொலைபேசியில் அம்மா கேட்டார். அச்சமுற்றால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது என்றும், எந்தப் பாம்பும் பாலை உணவாகக் கொள்வதில்லை என்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். நான் எழுதுவது இங்கே அனுமதிக்கப்பட்ட ஓர் இனத்தைப் பற்றி மட்டுமே.

தொட்டியின் தரையில் பரப்பும் பொருளை இங்கே சப்ஸ்ட்ரேட் என்பார்கள். நம் கோழிப்பண்ணைகளில் அதற்குக் கூளம் என்ற நல்ல சொல் இருப்பதால் நான் அதையே பயன்படுத்துகிறேன். நண்பர் பாம்போடு ஒரு பெரிய பை நிறைய ஆஸ்பென் மரச்சீவலையும் கொடுத்திருந்தார். வெளிர் நிறம், மெல்லிய சுருள்கள், தூசியும் மணமும் அதிகமில்லை. பார்ப்பதற்கு அவ்வளவு தூய்மையாக இருந்தது. வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் அதைப் பரப்பி, தண்ணீர்க் கிண்ணத்தையும் இரண்டு பொந்துகளையும் வைத்து, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன். வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குச் செல்லும் மாதங்களில், உலை அடுப்பிலிருந்து குழாய்கள் வழியாக இரவும் பகலும் வரும் வெப்பக் காற்று வீட்டுக்குள்ளிருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும் என்பது என் உதடுகளுக்கும் குதிகால்களுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. பாம்புக்கும் தோல் உண்டு என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் பாம்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே, தொட்டியில் என்ன கூளம் போட்டிருக்கிறீர்கள், ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டார். ஆஸ்பென், 50 சதவீதம் என்றேன். எதில் அளந்தீர்கள் என்றார். தொட்டியின் உள்சுவரில் ஒட்டிய, முள் காட்டும் வட்ட அளவியில் என்றதும் அவர் மெல்லச் சிரித்தார். பிய்ந்த சட்டையை ஒருபோதும் இழுக்கக் கூடாது என்றும், குறிப்பாகக் கண் மீதுள்ளதைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். காற்றுத்துளை உள்ள ஒரு டப்பாவுக்குள் வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து, அதில் பாம்பை அரைமணி நேரம் விட்டார்; துணியின் மடிப்புகளுக்குள் புகுந்து புறப்பட்டதில் கழுத்து வளையமும் முதுகுப் பட்டையும் தாமாகவே கழன்றன. கண் செதில் அடுத்த சட்டையோடு போய்விடும், அதுவரை ஈரத்தைச் சரிசெய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

முள் அளவியைப் பற்றி அவர் சிரித்ததன் காரணத்தை அன்றிரவே கண்டுகொண்டேன். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, அது கரையாமல் ஈரமணல் போல ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விட்டு, அதையும் அளவியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாக மூடி இரவு முழுவதும் வைத்துவிட வேண்டும். நனைந்த உப்பு அந்த மூடிய காற்றின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்திவிடும். அளவி காட்டும் எண் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் அளவியின் பிழை. என் புதிய டிஜிட்டல் அளவி 73 காட்டியது. பழைய முள், 50ஐ விட்டு அசையவே இல்லை. தொட்டிக்குள் உண்மையில் இருந்தது 24 சதவீதம். பால் பைத்தானுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 55 முதல் 70 வரை, சட்டை உரிக்கும் நாட்களில் அதற்குச் சற்று மேலே. கூளத்தைப் பற்றி எதை முடிவுசெய்வதற்கு முன்பும் இந்த உப்புச் சோதனையைச் செய்துவிடுங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

மறுநாள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கம் என்றும், அங்கே அது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் என்றும் சொன்னபோது, அவர் இடைமறித்து, "ஏஞ்சாமி, புத்துமண்ணு எடுக்கப் போனா மேல காஞ்சு கெடந்தாலும் உள்ள ஈரமாத்தானே இருக்கும், நீ எதுக்கு அதைக் காயப்போட்டு வெச்சிருக்கே?" என்றார். மருத்துவர் சொன்னதை விடவும், அதுவரை நான் படித்த அத்தனை வளர்ப்புக் குறிப்புகளை விடவும், இந்த ஒரு கேள்விதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. சமவெளியில் வெயில் காயும். வளைக்குள் மண் ஈரமாக இருக்கும். மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும் ஒரு தரையைத்தான் நான் உண்டாக்க வேண்டும். ஆஸ்பென் சீவலால் அது முடியாது. அதில் நீர் தெளித்தால் மேற்பரப்பு நனைந்து சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். அடிவரை நனையும்படி ஊற்றினால் ஒரு வாரத்துக்குள் கிண்ணத்தைச் சுற்றி வெண்பூஞ்சை படர்ந்துவிடும். இரண்டையும் செய்து பார்த்தேன்.

கடையில் என் கண்ணில் முதலில் பட்டவை சிறு விலங்குகளுக்கான வரிசையில் அடுக்கியிருந்த சீடர் (cedar), பைன் மரச்சீவல் பைகள். சீடர் பையைத் திறக்காமலேயே அதன் மணம் வந்தது. துணிப் பெட்டியில் பூச்சி அண்டாமலிருக்க இந்த மரத்தை வைப்பதற்குக் காரணமும் அந்த மணம்தான். பூச்சியை விரட்டும் எண்ணெய் மூடிய தொட்டிக்குள் பாம்பின் மூச்சுக்குழாயையும் விட்டுவைக்காது. மேற்குச் சிவப்பு சீடரின் தூளால் மர ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவ உலகில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ளவும் அதனால் இயலாது. ஆகவே சீடரில் பேரம் கிடையாது, கூடவே கூடாது. சூளையில் உலர்த்திய பைன் மரச்சீவலை வளர்ப்பவர்கள் சிலர் பயன்படுத்துகிறார்கள். மணம் வீசும் எந்த மரத்தையும் தொட்டிக்குள் விடாமலிருப்பதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. கால்சியம் மணலையும், பச்சைப் புல்தரை போன்ற செயற்கை விரிப்பையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்னது இந்தப் பாம்பின் வாழ்விடத்தோடு தொடர்பே இல்லாதது, பின்னது அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்வது.

அடுத்த வரிசையில்தான் எனக்கு ஓர் எதிர்பாராத சந்திப்பு. செங்கல் அளவில் அழுத்திக் கட்டிய பழுப்பு நிறக் கட்டி. மூன்று கட்டிகள் ஒரு பொட்டலம். பின்பக்கம் இந்தியத் தயாரிப்பு என்ற அச்சு. கோகோ பீட், அதாவது தென்னை நார்த்தூள். நான் பொள்ளாச்சிப் பக்கம் வளர்ந்தவன். மட்டை மில்களில் நாரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூள், சாலையோரத்தில் சிறு குன்றுகளாகக் குவிந்து மழையில் ஊறிக் கிடந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. கேட்டால் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள் அதைக் கூளமாகப் பரப்புவதையும் பார்த்திருக்கிறேன். அதே தூளைக் காய்ந்த கட்டியாக மினசோட்டாவில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். 650 கிராம் எடையுள்ள ஒரு கட்டியை ஏறத்தாழ 4 லிட்டர் வெந்நீரில் போட்டால் ஓரங்களிலிருந்து பொருமிப் பொருமி, அரைமணி நேரத்தில் 7 அல்லது 8 லிட்டர் தூளாகப் பெருகிவிடும். வாளிக்குள் கட்டி விரிசல் விட்டுச் சரிவதை என் மகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். மழை நின்ற பின் மட்டை மில்லைக் கடந்து போகும்போது வரும் வாடை சமையலறை முழுவதும் பரவியது.

கோகோ பீட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது. தோட்டக் கடைகளில் விற்பது விலை குறைவு, ஆனால் அதில் சில வகைகளில் உரமோ நீர் உறிஞ்சும் குருணைகளோ கலந்திருக்கும். உப்பங்கழி நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூளாக இருந்தால் உப்பும் மிஞ்சியிருக்கலாம். உரம் எதுவும் சேராதது, கழுவியது என்று பையில் எழுதியிருந்தால் தோட்டக் கடைச் சரக்கே போதும். நான் இப்போது அதைத்தான் வாங்குகிறேன்.

இங்கேதான் என் இரண்டாவது தவறு. ஈரம் போதாது என்று பட்ட பாட்டுக்குப் பிராயச்சித்தம் செய்வது போல, ஊறிய தூளைப் பிழியாமல் அப்படியே 5 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டி, அளவி 85 காட்டியதும் மகிழ்ந்துபோனேன். தினமும் காலையில் அதன் மேல் தண்ணீரும் தெளித்தேன். மூன்று வாரம் கழித்துப் பாம்பைத் தூக்கியபோது, வெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டிய வயிற்றுச் செதில்களில் ஐந்தாறின் ஓரம் செம்பழுப்பாக மாறியிருந்தது. விரலால் தடவினால் சற்றே மேடாகத் தட்டுப்பட்டது. செதில் அழுகலின் தொடக்கம் அது. காற்றில் ஈரம் இருக்கலாம், படுத்துக் கிடக்கும் இடம் சொதசொதவென்று இருக்கக் கூடாது என்றார் அதே மருத்துவர். மருந்து கொடுத்து, கூளம் முழுவதையும் அள்ளி எறிந்துவிட்டு, செதில் ஆறும்வரை சமையலறைக் காகிதத் துண்டுகளை மட்டுமே விரிக்கச் சொன்னார்.

காகிதத்தை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்திருந்தேன். அந்த நான்கு வாரங்களில் அதன் அருமை தெரிந்தது. எச்சத்தின் நிறமும் பதமும் தெளிவாகத் தெரியும். சிறுநீராக வெளிவரும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி மஞ்சளானாலும் தெரியும். பாம்பின் இரத்தத்தை உறிஞ்சும் கறுப்புச் சிற்றுண்ணிகள் ஊர்ந்தால் மிளகுத்தூள் நகர்வது போலப் பளிச்சென்று தெரியும். புதிதாக ஒரு பாம்பு வீட்டுக்கு வந்தால் குறைந்தது முதல் ஒரு மாதம் காகிதத்தின் மேல் வைத்திருப்பதே நல்லது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஈரத்துக்கு, ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து ஒரு மூடிய டப்பாவில் நிரப்பி, பக்கவாட்டில் துளையிட்டு உள்ளே வைத்துவிட்டால் போதும். சட்டை உரிக்கும் நாட்களில் பாம்பு தானே அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நாங்கள் வைத்தது பழைய தயிர் டப்பா. காகிதத்தின் குறை, பாம்பு புதைந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை என்பதுதான். எங்களுடையது இரவெல்லாம் காகிதத்துக்கு அடியில் நுழைந்துகொண்டே இருந்தது.

செதில் ஆறிய பிறகு நான் தேடிப்பிடித்ததும், இன்றுவரை மாற்றாமல் வைத்திருப்பதும் ஒரு கலவை. தேங்காய் மட்டையைச் சிறு சதுரங்களாக நறுக்கிய சில்லுகள் பாதி, கோகோ பீட் தூள் பாதி. சில்லு காற்றுக்கு இடம் விடும், தூள் நீரைப் பிடித்து வைக்கும். தூளின் ஈரம் சரிதானா என்பதற்கு இங்குள்ளவர்கள் ஏதேதோ கணக்குச் சொல்கிறார்கள். நமக்குப் புட்டுமாவுப் பதம் என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கனம் 8 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இப்போதைய தொட்டி 120க்கு 60 சென்டிமீட்டர் தரை உள்ளது. 8 சென்டிமீட்டர் கனத்துக்குக் கிட்டத்தட்ட 58 லிட்டர் கூளம் ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். கடையில் நின்றுகொண்டு கண் அளவில் வாங்குபவர்கள் எப்போதும் பாதிதான் வாங்குவார்கள்.

தெளிப்பதை அறவே விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் இருமுறை, தொட்டியின் நான்கு மூலைகளிலும் ஒரு குவளை நீரைக் கண்ணாடியை ஒட்டினாற்போல மெதுவாக ஊற்றுகிறேன். நீர் அடிக்குப் போய்ப் பரவுகிறது. மேல் இரண்டு விரற்கடை காய்ந்தே இருக்கிறது. தொட்டியின் பக்கவாட்டில் பார்த்தால், கிணறு வெட்டும்போது மண் நிறம் மாறுவது போல, மேலே வெளிர்பழுப்பும் கீழே கரும்பழுப்புமாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் நீர் ஊற்றும் நாள். பழைய தொட்டியின் வலை மூடியில் நான்கில் மூன்று பங்கை அலுமினியத் தாளால் மூடிய அன்றே ஈரப்பதம் 15 புள்ளி ஏறியதையும் சொல்லியாக வேண்டும். மூடி திறந்து கிடந்தால் எந்தக் கூளமும் உதவாது.

கூளத்தின் கனத்தைக் கூட்டும்போது நேரும் ஓர் ஆபத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தொட்டியின் அடியில் ஒட்டிய வெப்பப்பாய் இருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரியைக் கூளத்தின் மேல் வைத்திருந்தேன். மெல்லிய காகிதத்தின் மேல் அது சரியாகவே வேலை செய்தது. 8 சென்டிமீட்டர் கூளம் போட்டதும் வெப்பம் மேலே வராமல் அடியில் தேங்கியது. மேலே குளிர்ச்சியாக இருப்பதாக உணரி சொல்லச் சொல்ல, பாய் நிற்காமல் எரிந்துகொண்டே இருந்தது. தற்செயலாகக் கையை உள்ளே விட்டு அடிக்கண்ணாடியைத் தொட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அளந்தால் 46 டிகிரி. வெப்பம் தேடிக் கீழே தோண்டிப் போகும் பாம்புக்கு வயிறு வெந்துபோகும். உணரி எப்போதும் கண்ணாடியின் மேல், பாய்க்கு நேராக இருக்க வேண்டும். கனமான கூளம் என்றால் வெப்பம் மேலிருந்து வருவதே முறை. நாங்கள் மேலே கம்பி வலைக் காப்புக்குள் ஒரு பீங்கான் வெப்ப உமிழியை மாட்டிவிட்டோம். வெப்பப் பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 26 டிகிரி.

இடையில் ஒரு பருவம் சைப்ரஸ் மரப்பட்டைச் சீவலையும் பயன்படுத்தினேன். ஈரத்தைத் தாங்கும், எளிதில் பூஞ்சை பிடிக்காது, விலையும் கட்டுப்படியாகும். குறை சொல்ல ஒன்றுமில்லை. லூசியானா, ஃபுளோரிடா பக்கத்துச் சதுப்புக் காடுகளிலிருந்து அந்த மரம் வெட்டப்படுவது பற்றிய சர்ச்சையைப் படித்த பிறகு, கழிவாக வரும் தேங்காய் மட்டையே மேல் என்று திரும்பிவிட்டேன். கூளத்துக்குள் மண்ணுயிரிகளையும் சருகுகளையும் விட்டு அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்படி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நன்றாக நடந்தால் அழகான ஏற்பாடு. என் பொறுமைக்கு ஒத்துவராது.

இந்த அனுபவத்தைக் கேட்டுவிட்டு ஆஸ்பெனை யாரும் வெறுத்துவிட வேண்டாம். சென்ற ஆண்டு மகள் ஒரு சோளப் பாம்புக் குட்டியையும் கொண்டுவந்து சேர்த்தாள். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த அந்த இனத்துக்கு 40 முதல் 60 சதவீத ஈரம் போதும். பைக்குள் மீதமிருந்த அதே ஆஸ்பென் சீவலை 10 சென்டிமீட்டருக்குப் பரப்பினோம். குட்டி அதற்குள் சுரங்கம் தோண்டியது. சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சுரங்கம் சரியாமல் நிற்கிறது. கண்ணாடியை ஒட்டி ஒரு விரல் தடிமனில் வளைந்து செல்லும் அந்தப் பாதையில், ஆரஞ்சு நிற உடல் வழுக்கிக்கொண்டு போவதையும், கடைசியில் சீவலுக்கு மேலே ஒரு மூக்கு மட்டும் எட்டிப்பார்ப்பதையும் நாங்கள் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறோம். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால் அந்தப் பகுதியை உடனே அள்ளிவிட வேண்டும் என்பதைத் தவிர அதில் தொந்தரவே இல்லை. குளிர்காலத்தில் சட்டை உரிக்கும் வாரத்தில் மட்டும் இதற்கும் ஒரு தயிர் டப்பாவில் ஈரப்பாசி.

உணவோடு சேர்த்துக் கூளத்தையும் விழுங்கிவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஓரிரு துணுக்கு உள்ளே போனால் ஆரோக்கியமான பாம்பு அதை எச்சத்தோடு வெளியே தள்ளிவிடும். ஆனாலும் ஈரமான எலியில் தூள் அப்பிக்கொள்ளும் என்பதால், உறைபனியிலிருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கிய எலியின் மேல் நீரைத் துடைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் ஒரு தட்டையான ஓட்டின் மேலே நீட்டுகிறேன். பைத்தான் பிடித்ததும் சுருண்டு புரளத்தான் செய்யும். வாயோரத்தில் ஒரு சில்லு ஒட்டியிருந்தால் பதறி அதைப் பிடுங்கப் போகாமல் விட்டுவிடுவதே நல்லது.

எச்சத்தைக் கண்டதும் சுற்றிலும் ஒரு கையளவு கூளத்தோடு அள்ளிவிடுகிறேன். முழுக் கூளத்தையும் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். தொட்டியைத் துடைக்க நீர்த்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. பைன் மணம் வீசும், ஃபீனால் சேர்ந்த தரைத் திரவங்கள் சீடர் மரத்தைப் போலவே தொட்டிக்கு ஆகாதவை. வெளியில் நலமாகத் தெரியும் பாம்பின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது எங்கள் வீட்டில் கட்டாயம். வாளியைச் சமையலறையில் ஊறவைக்கும் பழக்கத்தையும் நிறுத்தி, அதைக் கார் நிறுத்தும் அறைக்கு மாற்றிவிட்டோம். பழைய கூளத்தையும் இதே காரணத்துக்காகத் தக்காளிப் பாத்தியில் போடுவதில்லை. வாசலில் பியோனிச் செடிகளின் அடியில் கொட்டிவிடுகிறோம். பொள்ளாச்சிப் பக்கத்து மட்டைத் தூள் அங்கே பனிக்கு அடியில் கிடந்து, ஏப்ரலில் பனி உருகும்போது கறுப்பாக வெளியே தெரிகிறது.